மைனஸ் பன்னிரண்டு

கொழுந்து கிள்ளிக் கிள்ளி வீங்கிய வனிதாவின் கட்டைவிரல் விண்விண்ணென்று தெறிக்கிறது. அந்த விரலால்தான் ஆம்ப்ளிஃபையருக்குள் இருக்கும் கடுகளவு திருகைத் திருப்புகிறாள். நடுவட்டம் எஸ்டேட் லைன் வீட்டு வாசலில் மழைவிட்ட வெயில், கரண்ட் இல்லை. தேயிலை விலை விழுந்த வருடம். வாடகை மைக்செட்டுக்கு வழியில்லாமல், மகள் கல்யாணத்துக்கு பாலாமணி இந்தப் பழைய பெட்டியைத்தான் நம்பியிருக்கிறாள். பெட்டிக்குப் பிளஸ், மைனஸ் இரண்டிலும் பன்னிரண்டு வோல்ட் வேண்டும். லாரி பேட்டரி பிளஸ் பன்னிரண்டு தருகிறது. அதைக் கவிழ்த்து மைனஸ் பன்னிரண்டாக்க வேண்டிய சின்னப் பலகை மைனஸ் ஒன்பதிலேயே நிற்பதால் பாட்டு கரகரக்கிறது. மீட்டரை எட்டிப் பார்க்கும் பாலாமணி பதறுகிறாள். “ஏ வனிதா, நம்ம சம்பளச் சீட்டு மாதிரியே மைனஸ்ல நிக்குது! கம்பியை மாத்திப் புடி.” வனிதா சிரிக்கிறாள். “இதுக்கு மைனஸ்தானுங்க்கா வேணும். எவ்வளவு வருதுன்னு இந்தத் திருகு வழியா சிப்புக்குச் சேதி திரும்பப் போகோணும். அப்பத்தான் அது கூட்டிக் கொறச்சு நிறுத்தும்.” திருப்புகிறாள், எட்டுக்கு இறங்குகிறது. மூச்சைப் பிடித்து எதிர்ப்பக்கம் திருப்ப, பத்து, பதினொன்று, பன்னிரண்டு! நாதஸ்வரம் சரிவெங்கும் தெளிவாகப் பாய்கிறது. சத்தத்தை ஏற்றியும் எண் அசையவில்லை. வாசலெல்லாம் கைதட்டல். பாலாமணி மைக்கைப் பிடுங்கி, “விஜயா, கூடையை எறக்கி வெச்சுட்டுக் கல்யாணத்துக்கு வாடி!” என்று கத்துகிறாள். வனிதாவுக்குப் பதிலாக அவள் தேயிலை நிரையில் இன்று இலையெடுக்கும் விஜயா மேட்டிலிருந்து கைவீசுகிறாள். அதற்கு ஈடாக வனிதா விஜயாவுக்குப் பறித்துக் கொடுக்க வேண்டிய ஒரு நாள் கொழுந்து இன்னும் பாக்கி.