லிஸ்ட்டில் இல்லாத சாதனை

"உங்க அனுபவத்துல சாதனைன்னு எதைச் சொல்லுவீங்க?"

ஆத்மநாதன் கால் மேல் கால் போட்டுக்கொண்டு கேட்டதும் அழகுமலைக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஐம்பத்திரண்டு வயதில் முதல் இன்டர்வியூ என்றால் யாருக்குத்தான் ஒட்டாது? அதுவும் கேள்வி கேட்கிற ஆள் தன்னைவிடப் பத்து வயது சின்னவர்.

மடியிலிருந்த ஃபைலைத் தடவிக்கொண்டார். மனைவி பரிமளா தயார் செய்து கொடுத்தது. இரண்டு நாளாக போனில் இன்டர்வியூ வீடியோவாகப் பார்த்துத் தள்ளி, புருஷனைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி உட்கார வைத்து ஒப்பிக்கச் சொல்லியிருந்தாள்.

"சாதனைய எண்ணிக்கையோட சொல்லணும். மொட்டையா 'நல்லா பார்த்துக்குவேன்'னு சொன்னா எவரும் நம்ப மாட்டாங்க. இல்லாததச் சொன்னீங்கன்னா ரெண்டாவது கேள்வியில மாட்டிக்குவீங்க. 'சார்'னு கூப்பிடுங்க. வாய் தவறி 'என்னப்பா'ன்னு வந்துச்சு, போன காரியம் போச்சு!"

கந்தர்வக்கோட்டையில் பஸ் ஏறியதிலிருந்து திருக்கோகர்ணத்தில் இந்த வீட்டைக் கண்டுபிடிக்கும் வரை அதையேதான் முணுமுணுத்துக்கொண்டு வந்தார். பக்கத்து சீட்டுக்காரர் ஏதோ மந்திரம் என்று பயந்து, எழுந்து பின்னால் போய்விட்டார்.

"இருபத்தி மூணு வருஷமா ஓட்டல் லைன்ல இருக்கேன் சார். தெனம் முன்னூறு பேரு சாப்பிடுற எடம். ஞாயித்துக்கெழமைன்னா ஐநூறு. இத்தன வருஷத்துல ருசி சரியில்லேன்னு ஒரு கம்ப்ளெயின்ட் கெடையாது."

"ஒண்ணுகூடவா?"

ரெண்டாவது கேள்வி! அழகுமலை எச்சிலை விழுங்கினார்.

"ஒரு அஞ்சாறு இருக்கும் சார்."

ஆத்மநாதன் சிரிக்கவில்லை. "கொரோனா நேரத்துல எப்படி?"

"அப்ப எங்ககிட்ட ஒம்பது பேரு வேலை பார்த்தாங்க. வெறும் பார்சல்தான் ஓடுச்சு. ஆனாலும் ஒருத்தரக்கூட நின்னுக்கன்னு சொல்லல. ஒம்பது பேருக்கும் மூணு வேளைச் சாப்பாடு நடந்துச்சு."

"இங்கிட்டு முந்தாநாளு ரெண்டு பேரு வந்துட்டுப் போயிருக்காங்க. ஒருத்தரு கலர் போட்டோ எல்லாம் ஒட்டி பத்துப் பக்கம் கொண்டாந்தாரு."

அழகுமலையின் ஃபைலில் இருந்தது ஒரே பக்கம். அதிலும் பாதி, குலதெய்வத்தின் பெயர்.

"அது கெடக்கட்டும்" என்றார் ஆத்மநாதன். "போன மாசம் பரோட்டா மாஸ்டரோட சண்டையாமே?"

கந்தர்வக்கோட்டையில் தும்மினால் இங்கே கேட்டுவிடும் போலிருக்கிறது! இதற்கும் பரிமளா ஒரு பதில் எழுதிக் கொடுத்திருந்தாள்: 'சிறு கருத்து வேறுபாடு.' அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். உண்மை முந்திக்கொண்டது.

"தப்பு என் மேலதான் சார். பரோட்டா கொஞ்சம் கருகிருச்சுன்னு, சாப்பிட்டுக்கிட்டு இருந்தவங்க முன்னாடியே மாஸ்டர் திருப்பதிய வாய்க்கு வந்தபடி பேசிப்புட்டேன். அன்னைக்கோட முடிஞ்சுபோச்சு. பதினோரு நாளா வீட்டுல சும்மா உக்காந்திருக்கேன். பரிமளா மொகத்தப் பார்க்க முடியல. இன்னைக்கு நீங்களும் சரின்னு சொல்லலேன்னா..."

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வையைத்தான் துடைக்கிறார் என்று ஆத்மநாதன் நினைத்தால் நல்லது என்று இருந்தது அவருக்கு.

ஆத்மநாதன் கை நீட்டி ஃபைலை வாங்கி, பிரிக்காமலே பக்கத்தில் வைத்தார்.

"இதுல எழுதாத ஒண்ணச் சொல்லுங்க."

அழகுமலை விட்டத்தைப் பார்த்தார். பரிமளா ஒப்பிக்கச் சொல்லாத எதுவும் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

"போன சித்திரையில... கல்லாப்பெட்டிக்கு மேல இருந்த ஃபேனக் கழட்டி, பரோட்டாக் கல்லுப் பக்கம் மாட்டுனேன்."

"எதுக்கு?"

"கல்லுல நிக்கிறவருக்கு வேர்வை கண்ணுல எறங்குது சார். அதப் பார்த்துக்கிட்டு நான் மட்டும் காத்து வாங்கிக்கிட்டு உக்கார மனசு வரல. கோடை முடியிற வரைக்கும் எனக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. ஏன்னு பரிமளாவுக்கே இன்னும் தெரியாது."

ஆத்மநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஃபேன் காத்து அடிச்சா அடுப்புத் தீ அலையுமே?"

மறுபடியும் ரெண்டாவது கேள்வி. ஆனால் இந்தமுறை எச்சில் விழுங்க வேண்டியிருக்கவில்லை.

"அதனாலதான் பின்பக்கமா, முதுகுல மட்டும் படுற மாதிரி சாய்ச்சு மாட்டுனேன். ரெண்டு தடவ ஏணியில ஏறி எறங்கி, எடத்த மாத்தி மாத்திப் பார்த்தேன்."

"இத ஏன் எழுதிக் கொண்டாரல?"

"இதுல என்ன சார் சாதனை இருக்கு?"

ஆத்மநாதன் போட்டிருந்த காலை மெல்ல இறக்கினார். முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

"நீங்க பாஸ்!"

அழகுமலைக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்தமுறை அதை மறைக்கத் தோன்றவில்லை. நன்றி சொல்ல அவர் கையெடுப்பதற்குள் ஆத்மநாதன் எழுந்து நின்று, கும்பிட்டார்.

"நாளைக்கே ஓட்டலத் தொறந்துருங்க முதலாளி. பரோட்டா போட நான் வாரேன்."