உப்பில்லாத போத்தல்

தொட்டியில் இன்னுமொரு மீன் மல்லாந்து மிதந்தது.

விமலநாதன் மீனைப் பார்க்கவில்லை. தொட்டிக்கு மேலே இருந்த பெட்டியைத்தான் முறைத்துப் பார்த்தார். தண்ணீரைத் தானாகவே சோதித்து, அதில் எவ்வளவு உப்புக் கரைந்திருக்கிறது என்று காட்டும் பெட்டி அது. வெளிநாட்டிலிருந்து தம்பி அனுப்பியது. ஒரு கிழமையாக உப்புக் கூடிப்போச்சு, உப்புக் கூடிப்போச்சு என்று சிவப்பு விளக்கை மினுக்கிக்கொண்டே இருந்தது. இவரும் அதை நம்பி இருந்த தண்ணீரை இறைத்து இறைத்து மழைத்தண்ணீர் விட்டார். மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன.

எண்பத்து மூன்றாம் ஆண்டு இனக்கலவரத்தில் கடை எரிந்த பிறகு, கண்டியில் இந்த மனுசனுக்கு மிஞ்சிய பிழைப்பு வண்ண மீன் வளர்ப்புத்தான். திங்கட்கிழமை கொழும்பிலிருந்து ஏற்றுமதிக்காரர் வருகிறார். செத்த மீனைக் கண்டால் வந்த வழியே திரும்பிப் போய்விடுவார். அதோடு அடுப்பும் அணைந்த மாதிரித்தான்.

“பெட்டி பிழையாச் சொல்லுதோ என்னவோ,” என்றாள் மனைவி தவமணி.

“எல்லாம் பாத்திட்டன். பற்றறி மாத்தினன். வயரைக் கழட்டிப் பூட்டினன். தண்ணிக்குள்ள விடுற கம்பியையும் துடைச்சுப் பாத்திட்டன்.”

“அந்த அளவுத் தண்ணியைப் பாத்தனீங்களே?”

விமலநாதன் திரும்பினார்.

தராசுக்குப் படிக்கல் எப்படியோ, அந்தப் பெட்டிக்கு அளவுத் தண்ணீர் அப்படி. சின்னப் போத்தலில் அளந்து கரைத்த உப்புத் தண்ணீர். காலையில் பெட்டி முதலில் அதைத் தொட்டு, ‘இவ்வளவுதான் உப்பு’ என்று படித்துக்கொண்டுதான் தொட்டியைச் சோதிக்கும். போன கிழமை பழைய போத்தல் முடிய, முன்பே வாங்கி வைத்திருந்த புதியதை எடுத்து வைத்தார்.

போத்தலுக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தார். திரும்பவும் வைத்தார்.

“உப்பைக் காணேல்லை, தவம். இது பைப் தண்ணி.”

“என்னப்பா சொல்லுறியள்?”

“பச்சைத் தண்ணியை உப்பெண்டு படிச்சால், நல்ல தண்ணியெல்லாம் அதுக்கு உப்பாத்தானே தெரியும்? நானும் அதின்ர சொல்லைக் கேட்டுத் தண்ணியை மாத்தி மாத்தி மீனைச் சாக்காட்டிப் போட்டனே.”

“அப்ப இனித் தண்ணியை மாத்தாமல் விட்டால் மிச்சம் தப்பும்தானே?”

“மீன் தப்பும். அவர் தப்பமாட்டார்.”

அவர் என்றது கண்டிக்குப் பக்கத்தில் திகனயில் இருக்கும் முஹைதீன் நானாவை. வான் வண்டியில் கொழும்புக்கும் கண்டிக்கும் சாமான் ஏற்றி இறக்குகிறவர். அளவுத் தண்ணீர் கொழும்பில் மட்டும்தான் வாங்கலாம். யுத்தம் நடக்கிற நேரத்தில் ஒரு தமிழன், பெயர் தெரியாத தண்ணீர்ப் போத்தலோடு கொழும்பிலிருந்து பஸ் ஏறி வர முடியுமா? அதனால் எப்போதும் நானாதான் வாங்கி வந்து கொடுப்பார்.

“நல்ல சாமானை ஆருக்கோ வித்துப்போட்டு, வெறும் போத்தல்ல பைப் தண்ணியை நிரப்பித் தந்திருக்கிறார்,” என்றார் விமலநாதன். “உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்னாங்கள். இந்த மனுசன் உப்பையே அடிச்சுப்போட்டார்.”

“கேட்டிட்டுப் பேசுங்கோவன்.”

“கேக்கத்தான் போறன்.”

போத்தலைத் தண்ணீரோடு கொண்டுபோகப் பயமாக இருந்தது. வெறுமையாக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். திகன பஸ்ஸில் அடையாள அட்டை பத்திரமாக இருக்கிறதா என்று சட்டைப் பையைத் தடவித் தடவிப் பார்த்தபடியே போனார். ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் பயம். எங்கே இறக்கிச் சோதிப்பார்களோ என்று யன்னலால் எட்டி எட்டிப் பார்த்தார்.

நல்லகாலம், யாரும் மறிக்கவில்லை.

நானாவின் மனைவி கைரியா கதவைத் திறந்தாள்.

“வாங்க அண்ணன். இவர் உள்ளுக்குப் படுத்திருக்கார். நோம்பு.”

“நோன்போ? பெருநாள் முடிஞ்சு போச்சே.”

“ஓம், முடிஞ்சிதான்,” என்றாள் கைரியா.

விமலநாதனுக்குக் கோபம் இன்னும் ஏறியது. படிக்கிறது இராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில் என்பது இதுதான் என்று நினைத்துக்கொண்டார். போத்தலை எடுத்து மேசையில் வைத்தார்.

“தங்கச்சி, இதுக்குள்ள உப்புத் தண்ணி இருந்திருக்கவேணும். நானா தந்தது பைப் தண்ணி. என்ர மீனில பாதி செத்துப்போச்சு. நானாவை எழுப்புங்கோ, எனக்கு நியாயம் தெரியவேணும்.”

கைரியா போத்தலைப் பார்த்தாள். உள் அறையைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

“உங்களுக்குச் செல்ல வாணாம்டு செல்லிருந்தார் அண்ணன். வார வழியில சோதனைச் சாவடியில ஆமிக்காரன் இந்தப் போத்தலப் புடிச்சிட்டானாம். ஆரிட சாமான்டு கேட்டானாம்.”

விமலநாதன் வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

“என்ர பேரைச் சொன்னவரோ?”

“உங்கட பேரச் சென்னா ஊட்டுக்கே வந்து உங்களத் தூக்கிட்டுப் போயிருவானே. தன்ட வயித்து மருந்துண்டு செல்லிட்டாராம். அப்பிடியெண்டா குடிச்சிக் காட்டுண்டானாம். ஒரு முடறு குடிச்சும் உடல்லயாம். முழுசயும் குடிக்க வெச்சித்தான் உட்டானாம்.”

விமலநாதன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“வெறும் போத்தலத் தந்தா நீங்க துருவித் துருவிக் கேப்பீங்க, கேட்டா பயந்துருவீங்கண்டு வழியில பைப்புல நெரப்பிட்டு வந்தார். மீனுக்கு ஊத்துற தண்ணிதானே, எந்தத் தண்ணியா இருந்தா என்னண்டு நெனச்சிட்டார் மனுசன். மீன் செத்தது தெரிஞ்சா அழுதுருவார்.”

“அந்தத் தண்ணி குடிக்கிற தண்ணியில்லை, தங்கச்சி. அதுதான் சுகமில்லாமல் படுத்திருக்கிறாரோ?”

“ஒடம்புக்கு ஒண்டுமில்ல அண்ணன். அது நடந்தது நோம்பு மாசத்துல. அண்டைக்கு முறிஞ்ச நோம்பத்தான் இண்டைக்குப் புடிக்கிறார்.”