மச்சான் கொண்டுவந்த மீன்

அலங்கார மீன் கடையில் மதிய வெயில் ஒரு மூலையில் மட்டும் விழுகிறது. கடைக்காரரின் மச்சான் நீட்டும் பைக்குள் விரல் நீள நீல மீன், உடம்போடு ஓடும் கறுப்புக் கோடு. "பவளப்பாறையில மத்த மீனுங்க மேல இருக்கிற பேனைத் தின்னு சுத்தம் பண்ற மீன், மாமா." கடைக்காரர் அதன் வாயை உற்றுப் பார்க்கிறார். மச்சானின் வாயை அவர் நம்பி வெகுநாளாகிறது. போன தடவை அவன் கொண்டுவந்த, இதே கோடுள்ள போலி மீன், பெரிய தொட்டியில் பேன் பிடித்துக் கிடக்கும் கிழட்டு மஞ்சள் மீனின் வாலைப் பாதி தின்றுவிட்டது. "அசலுக்கு வாய் நுனியில இருக்கும். இதுக்குக் கீழ இருக்கேப்பா." "வெளிச்சம் அப்படிக் காட்டுது மாமா. அக்கா மேல சத்தியம்." அவர் மீனைப் பக்கத்துத் தொட்டியில் விட்டு, ஒரு துண்டுக் குழாயைப் போடுகிறார். அசல் மீன் பகலில் திறந்த பாறையில் கடை விரித்து நிற்கும். பொந்து தேடுவது போலிதான். மீன் குழாயை ஒருமுறை சுற்றி வருகிறது, யோசிக்கிறது, பின்பக்கமாக நழுவி உள்ளே போய்த் தலையை மட்டும் நீட்டுகிறது. "குளிருதோ என்னமோ," என்கிறான் மச்சான். பெரிய தொட்டியின் மஞ்சள் மீன் கண்ணாடியோரம் வந்து அந்தத் தலையைப் பார்க்கிறது. பாதி வாலை ஆட்டிக்கொண்டு எதிர்மூலைக்குப் போய்விடுகிறது.