அதிகாரி படுத்த கட்டில்

அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டார்.

அது ஆவுடையம்மாளின் கட்டில்.

கொஞ்ச நேரம் இடம் தர முடியுமா என்று கேட்டுவிட்டு, மேலாளரையே ஒரு கை பிடிக்கச் சொல்லி, அவளைத் தூக்கிச் சக்கர நாற்காலியில் வைத்த பிறகுதான் படுத்தார். முதியோர் இல்லத்தை ஆய்வு செய்ய வந்தவர் செய்கிற காரியமா இது?

ஆவுடையம்மாளை வெட்கம் பிடுங்கித் தின்றது.

விரிப்புதான் புதிது. இரவு நனைந்த மெத்தையை வெயிலில் போட யாருக்கும் நேரமில்லை. ஆய்வு என்றதும் ஈரத்தின் மேலேயே புது விரிப்பைப் போட்டு, அவளையும் கிடத்திவிட்டார்கள்.

இந்நேரம் சேலையைத் தாண்டி அதிகாரியின் முதுகில் ஈரம் ஏறியிருக்கும்.

அவர் முகம் சுளிக்கவில்லை.

ஆவுடையம்மாள் எத்தனையோ அதிகாரிகளைப் பார்த்துவிட்டாள். வருவார்கள். சுவரைப் பார்ப்பார்கள். சாப்பிட்டாச்சா என்பார்கள். இளநீர் குடித்து முடித்ததும் ஜீப் கிளம்பிவிடும்.

குறை ஏதும் உண்டா என்று இவர் கேட்டபோதும் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னாள். வாயைத் திறந்தால் இல்லத்துக்குப் பூட்டுதான் என்று மேலாளர் பயமுறுத்தி வைத்திருந்தார். பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துபோனவள், பிள்ளை குட்டி இல்லாதவள். பூட்டிவிட்டால் எங்கே போவாள்?

அதிகாரி தலைமாட்டிலிருந்த மணியை அழுத்தினார். சமையற்கட்டில் அது அடிப்பது இங்கே வரை கேட்டது.

மேலாளர் வாசல் பக்கம் நகரப் பார்த்தார். அதிகாரி உதட்டில் விரலை வைத்தார். மேலாளர் நின்ற இடத்திலேயே நின்றார்.

யாரும் வரவில்லை.

மறுபடி அழுத்தினார்.

மின்விசிறி என்னவோ நன்றாகத்தான் சுற்றியது. மேலாளருக்கு மட்டும் வியர்த்தது.

இன்னொரு முறை அழுத்தியபோது சமையற்கட்டிலிருந்து பணிப்பெண் செல்வக்கனியின் குரல் வந்தது. அதிகாரிக்காக வடை சுட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏ ஆச்சி, ஒனக்கு வேற சோலி இல்லையா? அதிகாரி போற வரைக்கும் கையக் கால வச்சிக்கிட்டுச் சும்மா கெட."

அதிகாரி சும்மா கிடந்தார்.

பிறகு எழுந்தார். சேலையின் பின்புறம் முழுக்க ஈரம். அதை அவர் மறைக்கவில்லை.

இல்லத்தைப் பூட்டிவிடுவீர்களா என்று ஆவுடையம்மாள் கேட்டேவிட்டாள்.

வடைத் தட்டோடு செல்வக்கனி வாசலுக்கு வந்தபோது அதிகாரி நாற்காலி அருகில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"பூட்டமாட்டேன்மா. திரும்ப வந்து படுப்பேன். எந்த நாளு, எந்தக் கட்டிலுன்னு யாருக்கும் சொல்லமாட்டேன்."

மேலாளரிடம் குரலை உயர்த்தாமல்தான் பேசினார். மெத்தைகள் இன்றே வெயிலுக்குப் போக வேண்டும். கூடத்தில் கிடப்பவர்களைக் கவனிக்க இன்னும் ஆள் போட வேண்டும். ஒருத்தியே அடுப்பையும் பார்த்து ஆட்களையும் எப்படிப் பார்ப்பாள் என்று கேட்டார்.

வடையைத் தொடவில்லை. ஈரச் சேலையோடு எல்லோர் முன்னாலும் நடந்து போய் ஜீப்பில் ஏறினார்.

அந்தப் பெண்ணின் கன்னத்தை வழித்து நெட்டி முறிக்க வேண்டும்போல் இருந்தது ஆவுடையம்மாளுக்கு. ஒரு கைதான் எழும்பியது.

மறுநாள் மதியம் அந்தக் கையால் போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டாள்.

மணியை அழுத்தினாள்.

செல்வக்கனி ஓடிவந்தாள். கட்டிலருகே நின்று மூச்சு வாங்கினாள்.

"அம்மா, என்ன வேணும்? சொல்லுங்கம்மா."

போர்வையை விலக்க ஆவுடையம்மாள் அவசரப்படவில்லை.