காய்ந்த பஞ்சு

மூடுபனிக்குள் காலை வெயில் இன்னும் வழி தேடிக்கொண்டிருக்கிறது. எரிமலைச் சரிவில், ஹாபூ என்னும் ஆளுயர மரப்பெரணிகளின் நடுவே என் மனைவியின் தம்பி கலுவா உட்கார்ந்திருக்கிறான். கத்தி நழுவிக் கெண்டைக்கால் பிளந்து, அமுக்கிய விரல்களின் இடுக்கில் ரத்தம் வழிகிறது. தலையணைப் பஞ்சு வியாபாரியான எனக்கு இந்தப் பெரணியின் பஞ்சைப் பறித்துத் தருபவன் அவன். அவன் மனைவி நாமகா சாக்கைப் பிரித்து ஒரு பிடி பஞ்சை அள்ளிக் காயத்தில் வைக்கிறாள். ரத்தம் நிற்கவில்லை. அடுத்த பிடியும் சொதசொதவென்று இருக்கிறது. "பாவி மனுஷா, எடை கூட நிக்கட்டும்னு தண்ணி தெளிச்சியா?" என்று புருஷனைத் திட்டுகிறாள். "மச்சான் தராசு மட்டும் யோக்கியமா?" என்று முனகுகிறான் அவன். நான் பார்வையைச் சாக்குப் பக்கம் திருப்பிக்கொள்கிறேன். "அண்ணே, சும்மா நிக்காம குருத்துலேருந்து பறிங்க!" என்று நாமகா என்னைப் பார்த்துக் கத்துகிறாள். பக்கத்துப் பெரணியின் சுருண்ட குருத்தை மூடியிருக்கும் பொன்னிறப் பஞ்சைக் கொத்தாக உருவிக் கொடுக்கிறேன். பட்டுப்போல மெத்தென்று, காய்ந்து இருக்கிறது. நாமகா அமுக்கிப் பிடிக்கிறாள். சிவப்பு பரவுகிறது, மெதுவாகிறது, நின்றுவிடுகிறது. கலுவா வெளிறிய உதட்டோடு சிரிக்கிறான்: "இதையும் எடையில சேத்துக்குங்க மச்சான்." நாமகா அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அழுகிறாள். நான் பெரணியின் அடிமரத்தில் கை வைத்தபடி நிற்கிறேன். ஆயுசில் முதல் தடவையாக, பஞ்சை நிறுத்துப் பார்க்காமல் கொடுத்திருக்கிறேன்.