அதிக மார்க் வாங்கிய படம்

முதுநகர் ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் சாயங்கால வெயில் சாய்ந்து கிடக்கிறது. மத்தியானம் மாத்திரை வாங்கிக்கொண்டு சந்திரலேகா திரும்புவதற்குள், இதே பெஞ்சில் உட்கார்ந்திருந்த கணவன் கார்த்திகேசனைக் காணோம். சமீபமாக வீட்டு வழியே மறந்துபோகிற மனுஷன். கொழுந்தன் பாலகுமார் போனில் ஒரு ஏஐ ஆப்பிடம் இரண்டு படங்களைக் காட்டுகிறான்; ஆளைக் காணோம் என்று நெட்டில் எந்தப் படம் போட்டால் நிறையப் பேர் பார்ப்பார்கள் என்று அது முன்கூட்டியே மார்க் போடுமாம். போன வாரம் எடுத்ததில் நரைத்த தாடி, குழிவிழுந்த கண். அதற்குப் பதினொன்று. மாலையும் கழுத்துமாக இருவரும் சிரிக்கிற கல்யாணப் படத்துக்குத் தொண்ணூற்றிரண்டு. "இப்ப அவுரு இப்பிடியா இருக்காரு?" என்கிறாள். "ரெண்டையும் சேத்துப் போட்டா மார்க் கொறையுது அண்ணி. மொதல்ல நாலு பேரு பாக்கட்டும். காணோம்னு கீழ வெவரமா எழுதிருக்கேன்." அவள் தலையாட்டுகிறாள். படம் போகிறது.

சிதம்பரத்திலிருந்து வரும் வண்டி கிறீச்சிட்டு நிற்கிறது. இறங்கும் ஒவ்வொரு தாடியையும் அவள் கண் துரத்துகிறது. கையிலிருக்கும் மாத்திரைக் கவர் வியர்வையில் நைந்துவிட்டது. போன் விடாமல் கிணுகிணுக்கிறது. "அண்ணி, லைக் பிச்சிக்கிட்டுப் போவுது!" பிடுங்கிப் பார்க்கிறாள். சிவப்புச் சிவப்பாய் இதயங்கள். கீழே, முன்பின் தெரியாதவர்கள் வரிசையாக எழுதியிருக்கிறார்கள்: இனிய திருமண நாள் வாழ்த்துகள்.