காதில் போட்டுக்கொள்ளாதவள்

மூன்று முறை கூப்பிட்டாயிற்று. புதியவள் திரும்பவே இல்லை. குரங்குக் கூண்டுக்கு முன்னால் தரையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"திமிரைப் பாத்தீங்களா? நான் பேசினா காதுலயே போட்டுக்க மாட்டேங்கிறா" என்று டீச்சர் காவலாளியிடம் பொருமினாள். ஆய்வுக்கூடத்தில் குரங்குக்குப் பாடம் நடத்துவதால் எல்லோருக்கும் அவள் டீச்சர்.

எதிரே போய் நின்று பேசினால், புதியவள் கண் கொட்டாமல் டீச்சரின் வாயையே பார்ப்பாள். அதுவும் டீச்சருக்குக் கிண்டலாகவே பட்டது.

பாடம் ஒன்றுதான். ஒலிபெருக்கியில் அடுத்தடுத்து இரண்டு சத்தம் வரும். இரண்டும் ஒரே சத்தமென்றால் குரங்கு பச்சைப் பலகையைத் தொட வேண்டும், வேறு வேறென்றால் மஞ்சள். சரியாகத் தொட்டால் இயந்திரமே ஒரு திராட்சையைத் தள்ளும். குரங்கு மிரளாமலிருக்க எதிரே ஓர் ஆள் உட்கார்ந்தால் போதும்.

டீச்சரின் குரங்கு வாலு, நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கும். அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் பலகையைத் தொடும். அவள் லீவு போட்டால் தடுமாறும். பிள்ளைக்கு என்மேல் அவ்வளவு பாசம் என்று அவள் பூரித்துப்போவாள்.

புதியவள் வந்து இரண்டே மாதம். அவள் எதிரே உட்காரும் குரங்கு சண்டிக்கு எழுபத்தெட்டுதான். ஆனாலும் ஆராய்ச்சிக் கட்டுரைக்குச் சண்டி போதும், வாலு வேண்டாம் என்று டைரக்டர் முடிவு செய்துவிட்டார். மூன்று வருட உழைப்பு ஒரே வரியில் போனது. டீச்சரின் காதில் புகை வந்தது.

நேரே டைரக்டர் அறைக்குப் போனாள்.

"சார், அவ ஏமாத்துறா. சத்தத்தைக் கேட்டுட்டு மூஞ்சியிலயே ஜாடை காட்டுறா. அந்தக் குரங்கு காதால கேட்டு எதையும் கத்துக்கல. அவ மூஞ்சியைப் பாத்துத்தான் தொடுது."

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவளை உட்காரச் சொன்னார்.

"இதே சந்தேகம் எனக்கும் ரெண்டு வருஷமா இருக்கும்மா. உங்க வாலு மேல."

டீச்சர் உட்கார்ந்த வேகத்தில் எழுந்தாள்.

"நீங்க தெரிஞ்சு செய்யல. விடை தெரிஞ்சவங்க மூஞ்சி தானா காட்டிக் குடுத்துடும். அதனாலதான் சண்டிக்கு எதிர்ல உக்கார, காது கேக்காதவங்களா தேடிப் புடிச்சேன்."